அடங்கிய மூட்டு மீண்டும் வீங்குவதை ஆராய: விலங்கு மாதிரி அமைக்கும் முறை

மூட்டழற்சிக்கான விலங்கு மாதிரிகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்லும்: மூட்டு முதல் தடவை எப்படி வீங்குகிறது? முடக்குவாத நோயாளி மருத்துவரிடம் வந்து சொல்வது வேறு. "மாத்திரையில நல்லாத்தான் இருந்துச்சு, போன வாரத்துல இருந்து அதே மணிக்கட்டு திரும்பவும் வீங்கிடுச்சு" என்பார். இதில் 'அதே' என்ற சொல்தான் முக்கியம். ஃபிளேர் என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் இந்த மறுவீக்கம் பெரும்பாலும் முன்பு வீங்கிய மூட்டையே தேடி வருகிறது. ஆகவே மாதிரியில் மூன்று கட்டங்கள் தெளிவாகத் தெரிய வேண்டும்: முதல் வீக்கம், அது அடங்கிய காலம், தூண்டியபின் வந்த மறுவீக்கம். நடுக்கட்டம் நிரூபிக்கப்படாவிட்டால், மூன்றாம் கட்டத்தில் நீங்கள் பார்ப்பது முதல் வீக்கத்தின் மிச்சமாகவே இருக்கலாம்.

எந்த மாதிரியை எடுப்பது

கொலாஜன் மூட்டழற்சிதான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 1977-ல் எலியிலும் 1980-ல் சுண்டெலியிலும் விவரிக்கப்பட்ட மாதிரி அது. டிபிஏ/1 என்ற இனச் சுண்டெலிக்கு மாட்டு அல்லது கோழியின் இரண்டாம் வகைக் கொலாஜனை (குருத்தெலும்பின் முக்கியப் புரதம்) கொடுத்தால் 3 முதல் 5 வாரத்துக்குள் பாதங்கள் வீங்கும். மருந்துப் பரிசோதனைக்கு நல்ல மாதிரி. மறுவீக்க ஆய்வுக்குச் சுமார்தான். வேற்று விலங்கின் கொலாஜன் கொடுத்தால் நோய் பெரும்பாலும் ஒரே அலையாக ஏறி இறங்கிவிடும். எந்தப் பாதம் எந்த நாளில் வீங்கும் என்பதும் நம் கையில் இல்லை. சுண்டெலியின் சொந்தக் கொலாஜனைக் கொடுத்தால் நோய் நீடித்து, விட்டுவிட்டு வரும். ஆனால் எல்லா விலங்குகளுக்கும் வராது.

டிஏ இன எலிக்கு வால் அடியில் 150 மைக்ரோலிட்டர் பிரிஸ்டேன் எண்ணெயை ஒரே ஒரு முறை செலுத்தினால், சுமார் இரண்டு வாரத்தில் மூட்டழற்சி தொடங்கி, அதன்பின் தானாகவே அடங்கியும் எழும்பியும் மாதக்கணக்கில் போகும். மனித நோயின் போக்குக்கு இவ்வளவு நெருக்கமான எளிய மாதிரி குறைவு. சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு எலியும் தன் இஷ்டப்படி எழும்பும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் திசு எடுக்க நினைப்பவருக்கு இது தலைவலி. 100 நாளைத் தாண்டியும் பாதங்களுக்கு மதிப்பெண் போடப் பொறுமை உள்ளவருக்கு இது பொக்கிஷம்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் செல்சுவர் மாதிரியில் பெண் லூயிஸ் எலியின் ஒரு கணுக்காலில் மட்டும் செல்சுவர்த் துணுக்குகளைச் செலுத்தி, அடங்கிய பிறகு, 2 அல்லது 3 வாரம் கழித்து அதையே ரத்தநாளம் வழியாகக் கொடுப்பார்கள். முன்பு ஊசி போட்ட கணுக்கால் மட்டும் வீங்கும். உப்புநீர் போட்ட கணுக்கால் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இங்கே இனத்தை மாற்றிவிடாதீர்கள். லூயிஸ் எலியின் அட்ரினல் அச்சு (அழுத்த ஹார்மோன்களைச் சுரக்கவைக்கும் அமைப்பு) அழற்சிக்கு மந்தமாகவே பதில் தருகிறது. ஃபிஷர் 344 எலி கார்ட்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனை வேகமாகச் சுரந்து அழற்சியைத் தானே அமுக்கிவிடும். அதற்காகவே அதை எதிர்ப்பு இனமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

தானாகவே மூட்டழற்சி வரும் கே/பிஎக்ஸ்என் சுண்டெலியின் சீரத்தை (ரத்தத்தின் தெளிநீர்) வேறு சுண்டெலிக்கு ஏற்றும் மாதிரி வேகமானது. 150 மைக்ரோலிட்டர் சீரத்தை 0, 2 ஆகிய நாட்களில் வயிற்றறையில் கொடுத்தால் சில நாளில் கணுக்கால்கள் வீங்கி, ஓரிரு வாரத்தில் உச்சம் தொட்டு இறங்கும். திரும்பக் கொடுத்தால் திரும்ப வரும். ஆனால் நோயை நடத்துவது நாம் ஊற்றிய ஆன்டிபாடிதான். பெறும் விலங்கின் டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை) அதற்குத் தேவையில்லை. மூட்டில் தங்கிய டி செல் நினைவைத் தேடுபவர் இதை எடுத்துக்கொண்டு மூன்று மாதம் வீணாக்கக் கூடாது.

மூட்டு 'நினைவில் வைத்துக்கொள்கிறதா' என்று கேட்பவருக்கு ஆன்டிஜென் மூட்டழற்சியைத்தான் பரிந்துரைப்போம்: ஒரு புரதத்தை (ஆன்டிஜென்) எதிர்க்க விலங்கின் உடலை முதலில் தயார் செய்து, பிறகு அதையே மூட்டில் செலுத்தும் முறை. 1962-ல் முயலில் தொடங்கிய மாதிரி. எந்த மூட்டு, எந்த நாள், எந்த அளவு என எல்லாவற்றையும் நாமே முடிவு செய்யலாம். மறு முழங்கால் அதே விலங்குக்குள்ளேயே ஒப்பீடாக இருக்கும். 2021-ல் வெளியான சுண்டெலி ஆய்வொன்று, அழற்சி அடங்கிய மூட்டுச் சவ்விலேயே தங்கிவிடும் டி செல்கள்தான் பின்னால் அதே மூட்டில் ஃபிளேரைக் கிளப்புகின்றன என்று காட்டியது. டி செல் மட்டும்தான் காரணம் என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, மூட்டுச் சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களே (இணைப்புத் திசுவை உருவாக்கும் செல்கள்) காம்ப்ளிமென்ட் அமைப்பு (ரத்தத்தின் எதிர்ப்புப் புரதத் தொகுப்பு) வழியாக 'பழக்கப்பட்டு' அடுத்த முறை கூடுதலாகச் சீறுவதைக் காட்டியது. கீழே உள்ள வடிவமைப்பில் இரண்டையும் சோதிக்கலாம்.

செய்முறை

விலங்கு: சி57 பிளாக் 6 இனம், 8 முதல் 10 வாரம். ஒரே பாலினமாக எடுத்தால் சிதறல் குறையும், முடிவின் வீச்சும் குறையும். இரண்டையும் எடுத்தால் பாலின வாரியாகப் பிரித்துக் குழுக்களில் சமமாகப் போடுங்கள். வந்து இறங்கிய பிறகு ஒரு வாரமாவது பழக விடவும். ஒரு கூண்டையே ஒரு குழுவாக வைப்பது பழைய தவறு. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் எல்லாக் குழுக்களும் கலந்திருக்கட்டும்.

ஆன்டிஜென்: மெத்தில் ஏற்றிய மாட்டு சீரம் ஆல்புமின், சுருக்கமாக எம்பிஎஸ்ஏ. சாதாரண ஆல்புமினை ஏன் போடக் கூடாது? மெத்தில் ஏற்றியபின் இந்தப் புரதம் நேர்மின் தன்மை பெறுகிறது. குருத்தெலும்பின் புரோட்டியோகிளைக்கனோ எதிர்மின் தன்மை கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்வதால் ஆன்டிஜென் மூட்டிலேயே நாட்கணக்கில் தங்கும். சாதாரண ஆல்புமின் சீக்கிரமே வழிந்து போய்விடும். அதே மின்தன்மையால் உப்புக் கரைசலில் எம்பிஎஸ்ஏ கலங்கித் திரியலாம். முதலில் சுத்தமான ஊசி நீரில் கரையுங்கள்; கலங்கலாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, அந்தக் கரைசலை ஒதுக்கிவிடுங்கள். திரிந்த கரைசலில் ஒரு விலங்குக்கு 100 மைக்ரோகிராமும் அடுத்ததுக்கு 30 மைக்ரோகிராமும் போகும்.

வாங்கிய ஒவ்வொரு தொகுதியிலும் எண்டோடாக்சின் அளவைச் சோதித்துவிடுங்கள். பாக்டீரியா நச்சு கலந்த ஆன்டிஜென், நினைவே இல்லாத மூட்டையும் வீங்க வைக்கும். அதை ஃபிளேர் என்று எழுதிய பிறகு திரும்ப வருவது கடினம்.

0-ஆம் நாள், விலங்கை எம்பிஎஸ்ஏ-வுக்கு எதிராகத் தயார் செய்யும் எமல்ஷன் (எண்ணெயும் நீரும் கலந்த குழம்பு). 40 சுண்டெலிக்குத் தலா 100 மைக்ரோலிட்டர், ஆக 4 மில்லிலிட்டர். சிரிஞ்சில் ஒட்டிப் போவது நிறைய. அதனால் 6 மில்லிலிட்டர் தயாரியுங்கள்: மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் எம்பிஎஸ்ஏ கரைசல் 3 மில்லிலிட்டர், முழு ஃப்ராய்ண்ட் அட்ஜுவன்ட் (நோயெதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்) 3 மில்லிலிட்டர். அட்ஜுவன்ட் குப்பியை நன்றாகக் குலுக்குங்கள். கொல்லப்பட்ட காசநோய்க் கிருமி அடியில் படிந்திருக்கும். இரண்டு கண்ணாடி சிரிஞ்சுகளை இணைப்பியால் பூட்டி, ஐஸ் மேல் வைத்து, நீர்க்கரைசலை எண்ணெய்க்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, 10 முதல் 15 நிமிடம் முன்னும் பின்னும் அடியுங்கள். தள்ளுவதற்குக் கை வலிக்கும் அளவுக்குக் கெட்டியாக வேண்டும்.

பதம் பார்ப்பது இப்படி: ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விடுங்கள். சொட்டு தயிர்க்கட்டி போல முழுதாக மிதந்தால் சரி. விளிம்பு கரைந்து பால்போலப் பரவினால் இன்னும் அடிக்க வேண்டும். நோய் வராத தொகுதிகளில் பாதிக் கதை இந்தக் கிண்ணத்திலேயே தெரிந்துவிடும்.

வால் அடியின் இரு பக்கமும் தோலுக்கடியில் தலா 50 மைக்ரோலிட்டர். பாதத்தில் போடாதீர்கள், வலியும் மிகுதி, பின்னால் அளவிடவும் கெடும். கண்ணாடி அணியாமல் இந்த எமல்ஷனைத் தொடக் கூடாது. சிரிஞ்சு பூட்டு அழுத்தத்தில் கழன்று தெறிப்பதும், ஊசி விரலில் குத்துவதும் நடக்கும்; விரலில் ஏறினால் நாட்பட்ட கட்டி உண்டாகும். 7-ஆம் நாளில் ஊக்க ஊசி. இம்முறை கிருமி இல்லாத அட்ஜுவன்ட்டில். முழு அட்ஜுவன்ட்டை ஒரு விலங்குக்கு இரண்டாம் முறை கொடுக்கவே கூடாது.

சில செய்முறைகளில் பெர்டுசிஸ் (கக்குவான் இருமல் கிருமி) நச்சும் சேர்ப்பதுண்டு. மறுவீக்கத்தை ரத்தநாளம் வழியாகத் தூண்டும் எண்ணம் இருந்தால் அதைத் தவிருங்கள். காரணம் கீழே வரும்.

21-ஆம் நாள், முழங்கால் ஊசி. முழு வேலையிலும் கைத்திறன் வேண்டிய இடம் இது. ஐசோஃப்ளூரேனில் மயக்கி, முழங்கால் முடியை மழித்து, கிருமிநாசினி தடவுங்கள். காலைச் செங்கோணமாக மடக்கினால் முழங்கால் சில்லுக்குக் கீழே வெள்ளைக் கோடாக ஒரு நாண் தெரியும். 30 கேஜ் ஊசியை அந்த நாணின் நடுவே செலுத்துங்கள். ஊசி 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாதபடி, அவ்வளவு நுனியை மட்டும் விட்டு மீதிக்கு பாலித்தீன் குழாய் உறை மாட்டுங்கள். 10 மைக்ரோலிட்டர் கண்ணாடி மைக்ரோ சிரிஞ்சே வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் இந்த அளவைத் துல்லியமாகத் தள்ள முடியாது. வலது முழங்காலில் 10 மைக்ரோலிட்டரில் 100 மைக்ரோகிராம் எம்பிஎஸ்ஏ. இடதில் அதே கரைப்பான் மட்டும். மெதுவாகத் தள்ளி, சில நொடி நிறுத்தி, ஊசியை எடுத்து, காலை ஓரிரு முறை மடக்கி நீட்டுங்கள்.

தள்ளும்போது சுவர் போலத் தடுத்தால் நுனி எலும்பில் அல்லது நாணில் இருக்கிறது. தோலுக்கடியில் சிறு கொப்பளம் எழும்பினால் மருந்து வெளியே போய்விட்டது. இரண்டையும் அந்த நிமிடமே பதிவேட்டில் எழுதுங்கள். வீங்காத விலங்கைப் பிறகு ஏன் நீக்கினீர்கள் என்ற கேள்விக்கு அந்த ஒரு வரிதான் பதில். புதிதாகக் கற்பவர், வேறு ஆய்வில் இறந்த விலங்குகளில் நீலச் சாயம் செலுத்தி, மூட்டைத் திறந்து பார்த்துப் பழகட்டும். தொடர்ந்து 20 முழங்காலில் சாயம் உள்ளேயே நின்றால் உயிருள்ளதைத் தொடலாம்.

முதல் வீக்கம் 1 முதல் 3 நாளில் உச்சம் தொடும். ஒரு வாரத்துக்குள் வெளிப்பார்வைக்குப் பெரும்பகுதி இறங்கிவிடும்.

அடங்கிவிட்டது என்று எப்படிச் சொல்வது

அளவுகோலை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். உதாரணமாக: இரு முழங்கால்களின் வித்தியாசம் அடுத்தடுத்த மூன்று அளவீடுகளில் 0.2 மில்லிமீட்டருக்குள். அளவிடுவது ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே காலிப்பர். ஒவ்வொரு முழங்காலுக்கும் மூன்று முறை எடுத்து நடு மதிப்பு. நேரத்தைச் சொல்லக் காரணம் உண்டு: அழற்சிக்கு நாள் சுழற்சி உண்டு, காலை 9 மணி அளவையும் மாலை 6 மணி அளவையும் கலக்க முடியாது. அளப்பவருக்கு எந்த விலங்கு எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

காலிப்பர் மட்டும் போதாது. தூண்டுவதற்கு முந்தைய நாள் நான்கு விலங்குகளைத் திசு ஆய்வுக்கு ஒதுக்குங்கள். வெளியே அடங்கிய முழங்காலின் சவ்வில் டி செல் போன்ற லிம்போசைட்டுகள் சிறு கூட்டமாகத் தங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். அதுதான் நீங்கள் தேடும் நினைவின் இருப்பிடமாக இருக்கலாம். மூட்டு இடைவெளியில் நியூட்ரோபில் சீழ் இன்னும் நிறைந்திருந்தால்தான் பிரச்சினை. அப்போது இடைவெளியை இன்னும் ஒரு வாரம் நீட்டுங்கள். நான்கு வார இடைவெளி, அதாவது 49-ஆம் நாள், நல்ல தொடக்கப் புள்ளி.

தூண்டுவது

இரண்டு வழிகள். முதலாவது, அதே மூட்டில் குறைந்த அளவு ஆன்டிஜென்: 2 முதல் 10 மைக்ரோகிராம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தடுப்பூசி போலத் தயார் செய்யப்பட்ட விலங்கின் எந்த முழங்காலில் போதுமான ஆன்டிஜென் போட்டாலும் அது முதல் மூட்டழற்சியாகவே வீங்கும். ஆகவே முன்னோட்டமாக, தயார் செய்த, ஆனால் முழங்காலில் எதுவும் போடாத விலங்குகளில் 1, 3, 10 மைக்ரோகிராம் பாருங்கள். கரைப்பானைவிடக் கூடுதலாக வீங்க வைக்காத மிக உயர்ந்த அளவே உங்கள் தூண்டு அளவு. அந்த அளவில் பழைய மூட்டு வீங்கி, புதிய மூட்டு சும்மா இருந்தால் அதுதான் மூட்டு நினைவு. ஊசிக் காயமே முதல் 24 மணி நேரத்துக்குச் சற்று வீக்கம் தரும் என்பதால் கரைப்பான் குழு இல்லாமல் இந்த வழியில் போகவே வேண்டாம்.

இரண்டாவது, ரத்தநாளம் அல்லது வயிற்றறை வழியாக. மூட்டில் ஊசியே படாததால் வரும் வீக்கம் சுத்தமானது. ஆபத்து வேறு: ஆல்புமினுக்கு எதிராகத் தயார் செய்த சுண்டெலிக்கு அதே ஆல்புமினை ரத்தத்தில் ஏற்றினால் அனஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) அதிர்ச்சி வரலாம். 10 முதல் 30 நிமிடத்தில் விலங்கு அசைவற்றுக் குளிர்ந்து போகும். பெர்டுசிஸ் நச்சு ஹிஸ்டமினுக்கான உணர்வைக் கூட்டும். அதைத் தவிர்க்கச் சொன்னது இதனால்தான். முதலில் இரண்டே விலங்குகளில் தாழ்ந்த அளவில் தொடங்குங்கள், வெப்பப் பலகை தயாராக இருக்கட்டும், ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து மலக்குடல் வெப்பநிலை பாருங்கள். வயிற்றறை வழி ஓரளவு பாதுகாப்பானது.

குழுக்கள் குறைந்தது இவை: (1) தயார் செய்து, மூட்டழற்சி வந்து, ஆன்டிஜெனால் தூண்டியவை; (2) அதேபோல் தயார் செய்து, மூட்டழற்சி வந்து, கரைப்பானால் தூண்டியவை; (3) தயார் செய்து, மூட்டில் கரைப்பான் மட்டும் பெற்று, ஆன்டிஜெனால் தூண்டியவை; (4) தயார் செய்யாமல் மூட்டில் ஆன்டிஜென் பெற்றுத் தூண்டியவை. இடம் இருந்தால் ஐந்தாவது: முட்டை ஆல்புமின் போன்ற தொடர்பில்லாத புரதத்தால் தூண்டியவை. மூன்றாம் குழுவை மிச்சம் பிடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். அது இல்லாவிட்டால் முழு ஆய்வும் 'ஆன்டிஜென் போட்டோம், வீங்கியது' என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது.

எண்ணிக்கை: 0.4 மில்லிமீட்டர் வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், சிதறல் 0.25 மில்லிமீட்டர் என்று வைத்தால், 80 விழுக்காடு திறனுக்கும் 5 விழுக்காடு பிழைக்கும் குழுவுக்கு 8 விலங்கு வரும். முழங்கால் ஊசியில் ஐந்தில் ஒன்று தவறும் என்று கணக்கிட்டால் 10. சிதறல் மதிப்பை உங்கள் முன்னோட்டத்திலிருந்தே எடுங்கள். இன்னொருவர் கைக்கு வந்த சிதறல் உங்கள் கைக்கு வராது.

தூண்டிய பிறகு 6 மணி, 24 மணி, பிறகு தினமும் ஒரு வாரம் அளவிடுங்கள். 'ஃபிளேர்' என்றால் என்ன என்பதும் முன்பே எழுதியிருக்க வேண்டும்: கரைப்பான் குழுவின் சராசரியோடு இரண்டு மடங்கு திட்ட விலக்கம் கூட்டிய எல்லையை அடுத்தடுத்த இரண்டு நாள் தாண்டுவது. ஒரு நாள் மட்டும் தாண்டியது பெரும்பாலும் ஊசியோ அளவீட்டுப் பிழையோதான்.

யார் செய்தது என்று கண்டுபிடிப்பது

தங்கிய செல்லா, ரத்தத்திலிருந்து புதிதாக வந்ததா? தூண்டும் முன்பே ஃபிங்கோலிமோட் என்ற மருந்தைக் கொடுத்தால் நிணநீர்க் கணுவிலிருந்து லிம்போசைட்டுகள் வெளியேறாது. ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சரிந்ததை முதலில் உறுதி செய்யுங்கள். அதன்பிறகும் பழைய மூட்டு வீங்கினால் சந்தேகம் மூட்டுக்குள் இருப்பவர்கள் மேல்தான். திசு எடுக்க மூன்று நிமிடம் முன்பு சிடி45-க்கு (வெள்ளணுக்களின் மேற்பரப்புப் புரதம்) எதிரான ஒளிரும் ஆன்டிபாடியை ரத்தநாளத்தில் ஏற்றினால் ரத்தக்குழாய்க்குள் இருந்த செல்கள் மட்டும் சாயமேறும். சாயம் ஏறாதவை திசுவைச் சேர்ந்தவை. அவற்றில், திசுவில் தங்கும் டி செல்லின் அடையாளங்களான சிடி69, சிடி103 இருக்கிறதா, சிடி62எல் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிடி69 மட்டும் கண்டால் போதாது. புதிதாகத் தூண்டப்பட்ட டி செல்லும் அதைக் காட்டும்.

ஃபைப்ரோபிளாஸ்ட் பக்கம் சந்தேகம் என்றால் அடங்கிய மூட்டுச் சவ்வை வளர்ப்பில் எடுத்து, புதிய மூட்டின் செல்களோடு ஒரே அளவு தூண்டியில் ஒப்பிடுங்கள். சில தலைமுறை வளர்ப்புக்குப் பிறகும் வித்தியாசம் நின்றால் டி செல் கலப்படம் என்ற சாக்கு போய்விடும்.

திசுவுக்கு: முழங்காலை 10 விழுக்காடு ஈடிடிஏ-வில், பிஎச் 7.4-ல், 2 முதல் 3 வாரம் சுண்ணாம்பு நீக்குங்கள். ஃபார்மிக் அமிலம் வேகமாக முடிக்கும். ஆன்டிபாடிச் சாயத்துக்கு வேண்டிய அமைப்புகளைக் கெடுத்துவிடும். சஃப்ரானின் ஓ சாயத்தில் குருத்தெலும்பின் சிவப்பு வெளுத்திருப்பது புரோட்டியோகிளைக்கன் இழப்பு. முதல் வீக்கமே அதை இழக்க வைத்திருக்கும் என்பதால், தூண்டாத குழுவோடு ஒப்பிடாமல் அந்த இழப்பை ஃபிளேர் கணக்கில் எழுத முடியாது.

மருந்து சோதிப்பவர் எந்த நாளில் மருந்தைத் தொடங்குகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் ஊசிக்கு முன் கொடுத்தால் நோய் உருவாவதைத் தடுக்கிறது. அடங்கிய நான்கு வாரத்தில் கொடுத்து நிறுத்திவிட்டுத் தூண்டினால் நினைவையே அழிக்கிறதா என்று தெரியும். தூண்டிய பிறகு கொடுத்தால் வீக்கத்தை மட்டும் ஆற்றுகிறது. மூன்றும் மூன்று வெவ்வேறு ஆய்வு.

வலியும் பராமரிப்பும்

இதை நெறிக்குழுவுக்கான பக்கமாக மட்டும் நினைப்பவர்களின் தரவு மோசமாகவே இருக்கும். வலி நிவாரணியாக ஸ்டீராய்டு அல்லாத அழற்சி எதிர்ப்பு மாத்திரையைக் கொடுத்தால் அது நீங்கள் அளக்கும் வீக்கத்தையே குறைத்துவிடும். பியூப்ரினார்ஃபின் கிலோவுக்கு 0.05 முதல் 0.1 மில்லிகிராம், தோலுக்கடியில், 8 முதல் 12 மணிக்கு ஒரு முறை என்பது வழக்கமான தேர்வு. அதற்கும் நோயெதிர்ப்பின் மேல் சற்று விளைவு உண்டு. அதனால் கரைப்பான் குழு உட்பட எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். மென்மையான தடித்த படுக்கை, தரையிலேயே நனைத்த தீவனம், நீண்ட மூக்குள்ள தண்ணீர்ப் புட்டி. வீங்கிய காலில் நிமிர்ந்து நிற்க முடியாத சுண்டெலி தண்ணீர் எட்டாமல் எடை இழக்கும். பிறகு அந்த எடை இழப்பு அழற்சியால் வந்தது என்று அறிக்கையில் ஏறும். தொடக்க எடையில் 20 விழுக்காடு குறைந்தால், அல்லது காலை முற்றிலும் ஊன்றாமல் இரண்டு நாள் தொடர்ந்தால், அந்த விலங்கை வலியின்றி முடித்துவிடுங்கள்.

கொலாஜன் மாதிரிக்கு டிபிஏ/1 ஆண்களை எடுப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. அவை பயங்கரமாகச் சண்டை போடும். தாய்ப்பால் மறந்ததும் சேர்த்த கூட்டத்தைப் பிறகு கலைத்து மாற்றிச் சேர்க்காதீர்கள். கடிபட்ட பாதமும் வீங்கிய பாதமும் தூரத்திலிருந்து ஒன்றுபோலவே தெரியும்; தோலில் பல் தடம் இருக்கிறதா என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்த பிறகே மதிப்பெண் போடுங்கள்.